கையெழுத்துக்கு ஒரு அம்மா

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் பட்டாசு. வெடிக்காமல் என்ன செய்வாள்? ஏழு வயதில் முதல் வகை சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து தினம் நாலு ஊசி. கேள்விப்பட்டவர்கள் எல்லாம், "ரொம்ப இனிப்பு சாப்பிடுவியோ?" என்று கேட்டே உயிரை வாங்கினார்கள்.

இந்த நோயின் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கச் சொல்லி, அதே நோயுள்ள பிள்ளைகள் முந்நூறு பேரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். சுகாதாரத் துறை அலுவலகத்தின் குமாஸ்தா ஒரே புரட்டில் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சின்னப் பசங்க. பதினெட்டு ஆகலேன்னா செல்லாது. பெத்தவங்க போடணும்."

"நோய் மட்டும் வயசு கேக்காம வந்துச்சே சார்?"

"அதை நோய்கிட்டப் போய்க் கேளு."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி படிவம் அடித்தாள். மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினாள். மூன்று வாரத்தில் ஒன்று தவிர எல்லாம் சேர்ந்துவிட்டன. அந்த ஒன்று அவளுடையது.

அம்மா தையல்காரி. முன்னறையில் மிஷின், நாள் முழுக்க ஆள் வந்து போகும் இடம். யாராவது இருந்தால் மகள் குளியலறைக்குள் போய்த்தான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

"கையெழுத்துப் போட்டா ஊருக்கே தெரிஞ்சிடும்டி. நாளைக்கு உன்னை யாரு கட்டிக்குவாங்க?"

"மத்த அம்மாங்க எல்லாம் போட்டாங்களே! உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"கத்தாதே. வெச்சிட்டுப் போ, பார்க்கலாம்."

காலையில் படிவம் மடித்தபடி பையில் இருந்தது. அம்மா மனம் மாறிவிட்டாள் என்று பூரித்துப்போய், பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

குமாஸ்தா ஒவ்வொன்றாகப் புரட்டி அதில் வந்து நின்றார். "இது செல்லாதும்மா. யாரு இவங்க?"

கையெழுத்து அம்மாவுடையதுதான். நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதியிருந்தாள்.

பட்டாசுக்குக் காதெல்லாம் சூடேறியது. சின்ன வயதில் தன் கையால் ஊசி போட்டுப் போட்டு மகளின் உயிரைப் பிடித்து வைத்தவளுக்கு, ஒரு காகிதத்தில் அம்மா என்று எழுதக் கூசியிருக்கிறது. அலுவலகம் என்றும் பாராமல் போன் போட்டாள்.

"நாளைக்கே இதுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டாங்கன்னு வெச்சுக்கோ. அதையும் பாத்ரூம்லதான் ஒளிஞ்சு போட்டுக்கணுமாம்மா?"

மறுமுனையில் மிஷின் சத்தம் நின்றது.

"ஆள் இருக்காங்க. அப்புறம் பேசுறேன்," என்று அம்மா வைத்துவிட்டாள்.

பட்டாசு தன் படிவத்தை மட்டும் உருவி நாலாகக் கிழித்தாள். மற்றதைக் குமாஸ்தாவின் பக்கம் தள்ளினாள்.

"அப்போ உனக்கு?"

"எனக்கு நோயே கிடையாது சார். வேணும்னா எங்கம்மாவைக் கேட்டுப் பாருங்க."