ஆவணி முகூர்த்தம்வரை

ஸ்பிரிட் நனைத்த பஞ்சின் வாடை எங்கே வந்தாலும் நான் பல்லைக் கடிக்கிறேன். இன்று ஒரு மருந்துக்கடை வாசலிலும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. அக்காவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். அறுத்தெடுத்து, கீமோவும் முடிந்திருந்தது. உதிர்ந்த முடியைத் திருச்செந்தூர் மொட்டை என்று ஊருக்குச் சொல்லியிருந்தோம். வைகாசியில் எடுத்த ஸ்கேனில், ஈரலில் இரண்டு கட்டிகள். புளியங்கொட்டை அளவு.

டாக்டர் அத்தானையும் என்னையும் உள்ளே அழைத்தார். அக்கா வெளியே பெஞ்சில். அவள் உடம்பைப் பற்றி அவளிடம் பேசாமலிருப்பது எங்கள் குடும்பத்தின் மரியாதை. தூ.

"வயித்தக் கிழிக்க வேண்டாம். ஸ்கேன்ல பாத்துக்கிட்டே தோல் வழியா ஊசிய விட்டு, சூட்டுல கட்டியப் பொசுக்கிருவாங்க. மெட்ராஸ்ல புதுசா செய்யுதாங்க. அடியோட குணமாகும்னு சொல்லமாட்டேன், நாள் கூடும். ஆனா ஒண்ணு ரெண்டா இருக்கப்பவே போகணும்."

வராந்தாவில் அத்தான் ஸ்கேன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்.

"பைய பேசும், மாப்ள. ஆவணில மக கல்யாணம். தாய்க்கு இந்தச் சீக்குன்னா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்பாங்க சம்பந்தி வீட்ல. முகூர்த்தம் முடியட்டும் வே."

"சரி அத்தான்" என்றேன். அந்தச் சரியைச் சொன்ன நாக்கு இன்னும் என் வாயில்தான் இருக்கிறது, ருசி பார்த்துக்கொண்டு. பெஞ்சுக்கு வந்து, "ஒண்ணும் இல்லக்கா" என்றேன். நம்பினாள்.

மெட்ராஸ் ரயில் ஜங்ஷனிலிருந்து தினமும் சாயங்காலம் போய்க்கொண்டுதான் இருந்தது. மூன்று மாதம். ஒவ்வொரு சாயங்காலமும். அக்கா டவுண் கடைகளில் பட்டு புரட்டினாள். மறுவீட்டுப் பந்தியில் சமையல்காரர் வைத்த தேங்காய்ப்பால் சொதி அண்டா பக்கத்தில், வலது விலாவைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி நின்றாள்.

அதன்பிறகு மெட்ராஸ் போனோம். புது ஸ்கேனில் ஈரலெங்கும் கட்டிகள். ஊசி போடும் டாக்டர் பழைய படத்தின் தேதியைப் பார்த்தார்.

"இத்தனைக்கு ஊசியால ஆகாது. இந்தப் படம் எடுத்தப்பவே ஏன் வரல?"

அக்கா பக்கத்திலேயே இருந்தாள். அத்தான் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். நான் தரையை.

தை மாதம் வள்ளியூருக்கு வேலைக்குத் திரும்புகிற அன்று, கட்டிலருகே நின்றேன். அவள் கண் இரண்டும் மஞ்சள்.

"ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, முந்தியே போயி ஊசியக் குத்திட்டு வந்து, சொதியும் நானே வச்சிருப்பேன்லா."

பையை எடுத்தேன்.

"போ, பஸ்ஸ விட்டுராத. போறப்ப அத்தான உள்ள வரச் சொல்லாத."