பீரோவுக்கு மேலே என் இடம்

என் மனைவிக்குக் காது கேட்காது. பேச்சு முழுக்கக் கைதான். ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தால் முதலில் ஆட்களை உட்கார வைப்பாள். இடப்பக்கம் வெறும் காற்றில் மீன்காரம்மா, வலப்பக்கம் என் தங்கை. பிறகு கை இடமிருந்து வலம் போனால் மீன்காரம்மா கொடுத்தாள். வலமிருந்து இடம் வந்தால் தங்கை கொடுத்தாள். யார் யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் அவள் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தாலும் இருவரும் அங்கேயே காத்திருப்பார்கள்.

இதெல்லாம் அந்த இடத்தில் இல்லாதவர்களுக்குத்தான். எதிரில் இருப்பவரை நேராகக் காட்டிவிட்டால் முடிந்தது.

நான் சம்பாதிக்கத் துபாய்க்குச் சபர் போனபின் எனக்கும் ஓர் இடம் ஒதுக்கினாள். மேற்குச் சுவர்ப் பக்கம், பீரோவுக்கு மேலே. வீடியோ காலில் மகளிடம் என்னைப் பற்றி ஏதாவது சொல்வாள். கை அங்கே போகும், போன் திரையைவிட்டு மறைந்துவிடும். என்னைப் பற்றிய பேச்சில் பாதி எனக்கே தெரியாது. தொழிலாளர் கேம்ப் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தப் பழைய பீரோவை நினைத்து ஏங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த முறை லீவில் முத்துப்பேட்டை வந்தபோது, திரும்பிப் போவதா, இங்கேயே ஒரு கடை வைத்து உட்கார்ந்துவிடுவதா என்ற குழப்பத்தோடுதான் வந்தேன். மனைவி போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட.

ஒரு சாயங்காலம் திருத்துறைப்பூண்டியிலிருந்து அவளுடைய தோழி வந்தாள். அவளுக்கும் காது கேட்காது. நான் மனைவியை ஒட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். மகளை எந்தக் காலேஜில் சேர்க்கப்போகிறீர்கள் என்று தோழி கேட்டாள்.

அவரைத்தான் கேட்க வேண்டும் என்றாள் மனைவி. கேட்கும் கை என் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பீரோவுக்கு மேலே போனது.

பக்கத்தில் இருந்த மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, வாப்பா இங்கதானே இருக்காங்க."

வாயால் சொன்னதையே கையாலும் சொன்னாள். மனைவி பீரோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோழியும் சிரித்தாள். பிறகு மனைவி அதையே மறுபடி சொன்னாள். இந்தத் தடவை கை என் நெஞ்சில் வந்து தொட்டது. உடனே எடுக்கவில்லை.

கிளம்பும்போது தோழி என்னிடம், எப்போது பயணம் என்று கேட்டாள். போகிறேன் என்று சொல்ல, மனைவியின் அருகிலிருந்து பீரோவை நோக்கிக் கையை நீட்ட வேண்டும். எனக்கு நீட்ட வரவில்லை.