பலாமரத்து நிறுத்தம்

மாரமங்கலம் பஸ்ஸின் டிரைவர் சென்றாயனுக்கு வயது ஐம்பத்தொன்பது. அவர் முதுகுக்கு அதைவிடப் பத்து வயது கூட. முப்பத்தொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்ததில் அவருக்கு மிஞ்சியது ஒரு இடுப்புப் பெல்ட்டும், கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்துபோன இடது முழங்காலும்தான். ரிட்டயராக ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதம் ஒரு கீறல் இல்லாமல் கழிந்தால் போதும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

வேலை ஒன்றும் புதிர் இல்லை. சாயங்காலம் சேலத்தில் எடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் பாதிக் கூட்டத்தை இறக்கிவிட்டு, மீதிப் பேரோடு மாரமங்கலம் போய் நிற்க வேண்டும். பஸ்ஸிலேயே படுக்கை. காலையில் அஞ்சே முக்காலுக்கு அதே வழியாக இறங்க வேண்டும். கண்டக்டர் வெங்கடாசலமும் அவரும் ஒன்பது வருஷமாக ஜோடி. இரண்டு பேரும் பேசித் தீர்த்துவிட்டதால் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை.

இப்படி இருந்தவரை ஒரு செல்போன் ஆப் வந்து பிடித்துக்கொண்டது.

ஊர் உலகம் பூராவும் இன்டர்நெட்டில் ஒரே இடத்தில் கூடிக் கத்திக் கத்தி எல்லாருக்கும் அலுத்துப்போய்விட்டதல்லவா? அதனால் இப்போது அவரவர் பைத்தியத்துக்குத் தனித்தனியாக ஒரு வீடு கட்டிக்கொள்கிறார்கள். கள்ளிச்செடி வளர்ப்பவர்களுக்கு ஒன்று, பழைய ரேடியோ சேர்ப்பவர்களுக்கு ஒன்று, அந்துப்பூச்சி படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. பஸ் பைத்தியங்களுக்கும் ஒன்று இருந்தது. அதன் பெயர் ‘ரூட்டு’. பதினோராயிரம் பேர். எந்த டிப்போ வண்டி, எந்த வருஷத்து இஞ்சின், பாடி எங்கே கட்டியது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதில் ஒருவன் அருண்குமார். ஈரோட்டில் ஒரு பாங்கில் கிளார்க், இருபத்தொன்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் தெரிந்ததுதான் என்பார் வெங்கடாசலம்.

அருண்குமார் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏறி, முன்னால் இடப்பக்கம் இருக்கும் ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுகச் சென்றாயனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். மாரமங்கலத்தில் இறங்கியதும் கிட்டே வந்தான்.

“அண்ணா, பதினாலாவது வளைவுல செகண்டுக்கு மாத்துறீங்கல்ல, அந்தச் சத்தத்தக் கேக்கறதுக்குன்னே வந்தேனுங்க.”

மறை கழன்ற கேஸ் போலிருக்கிறது என்று சென்றாயன் நினைத்தார். ஆனால் அவன் அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்த வாரம் வீடியோ எடுக்கட்டுமா என்று கேட்டான். எடுத்துத் தொலை என்றார்.

வீடியோவை அவருடைய மகள் ஹேமலதாதான் வீட்டில் போட்டுக் காட்டினாள். கீழே வந்திருந்ததையும் வாசித்தாள். நாகர்கோவில்காரர் ஒருவர் இந்த டிரைவர் பிரேக்கை மிதிப்பதில்லை, தடவுகிறார் என்று எழுதியிருந்தார். துபாயில் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர் அந்தக் காலுக்குக் கும்பிடு போட்டிருந்தார்.

“சீ, என்ன பேச்சு இது,” என்றார் சென்றாயன். கொஞ்ச நேரம் கழித்து, “வேற என்ன போட்டிருக்காங்க கண்ணு?” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை லட்சம் பேரைப் பத்திரமாக இறக்கிவிட்டிருப்பார்! ஒருத்தராவது இறங்கும்போது நன்றாக ஓட்டினீர்கள் என்று சொன்னதுண்டா? சடன் பிரேக் போட்டால் மட்டும் நாலு பேர் திட்டுவார்கள். இப்போது முகம் தெரியாத ஆட்கள் அவர் கியர் மாற்றுகிற தினுசைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் அவர் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்ட ஆரம்பித்தார். வெங்கடாசலம் அதைப் பார்த்துச் சிரித்தார்.

தப்பு அந்த இஸ்திரிச் சட்டைக்குள்ளேதான் ஆரம்பித்தது.

மார்கழியில் ஒரு நாள் அருண்குமார் நோட்டோடு வந்தான். “அண்ணா, ரூட்டுல எல்லா மலை பஸ்ஸும் முழுசா ஏத்தியாச்சுங்க. உங்க வண்டி மட்டுந்தான் பாக்கி. ஒரு ஸ்டாப்பு விடாம, எத்தன மணி எத்தன நிமிஷம்னு சொல்லுங்க.”

சென்றாயன் காலை டிரிப் வரிசையில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எஸ்டேட் கேட்டு ஸ்டாப்புக்கு வந்ததும் நிறுத்தி, “அதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்குதுங்க தம்பி. பலாமரத்து வளைவு. போர்டுல இருக்காது. அது என் ஸ்டாப்பு,” என்றார். வெங்கடாசலம் அவர் தோளை லேசாக இடித்தார். இடித்தது உறைக்கவில்லை.

பலாமரத்து வளைவுக்குக் கீழே, காப்பித் தோட்டத்துக்கு நடுவில், அங்கப்பனும் கண்ணாயியும் குடியிருந்தார்கள். அங்கப்பனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்தால்தான் உயிர் நிற்கும். கேட்டு ஸ்டாப்பு அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். மிளகுக் கொடிக்காக மரம் மரமாக ஏறி இறங்கிய மனுஷன் இப்போது ஐம்பது அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருஷமாகச் சென்றாயன் அந்த வளைவில் ஒரு நிமிஷம் நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டிருந்தார். வளைவில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். ஒருமுறை செக்கிங் இன்ஸ்பெக்டரே வண்டியில் இருந்தார். பஸ் நின்றதும் அவர் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக சில்வர் ஓக் மரங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிறுத்தம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாரும் வேறு பக்கம் பார்த்ததால்.

அருண்குமார் கண் கலங்கிப்போய் அதை எழுதினான். பெயர் போடவில்லை, நல்ல பிள்ளை. வளைவை மட்டும் படம் எடுத்து, மேப்பில் புள்ளி வைத்து, நேரமும் போட்டான். எண்ணூறு பேர் கீழே உருகினார்கள். அத்தோடு விட்டிருந்தால் தேவலை. பஸ் பைத்தியங்களுக்கு ஒரு குணம் உண்டு. பிடித்துப்போன எதுவும் பட்டியலில் இல்லாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. இவ்வளவு அருமையான நிறுத்தம் ஏன் போர்டில் இல்லை என்று ஒருவர் கேட்டார். நியாயந்தானே என்றார் இன்னொருவர். ஒரே வாரத்தில் இரண்டாயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனு, படம், மேப்பு, வீடியோ சகிதமாக மேலதிகாரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நிறுத்தத்தை முறைப்படி அறிவிக்க வேண்டுமாம்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை. உட்காரச் சொன்னார்.

“அந்த ஸ்டாப்பு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கறீங்க? ரெண்டு வருசமா தெரியாத மாதிரி இருந்தேனுங்க. இப்ப ரெண்டாயிரம் பேரு சேந்து எனக்குத் தெரியப்படுத்திட்டாங்க. இனி நான் எங்க போயி ஒளியறது?”

வளைவை அளந்து பார்க்க ஆட்கள் வந்து போயிருந்தார்கள். எதிரே வருகிற வண்டி தெரியாத இடம், நிறுத்தம் தர வழியில்லை என்று எழுதிவிட்டார்கள். எழுதியதும் சரிதான். இனி அங்கே நிறுத்தமாட்டேன் என்று சென்றாயன் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். மீறினால் கேஸ், கேஸ் இருந்தால் ரிட்டயர்மெண்ட் இழுபடும். மேனேஜர் இதைச் சொல்லும்போது மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சென்றாயன் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அன்றைக்கு மலை ஏறும்போது பதினாலாவது வளைவில் கியர் கிரீச்சிட்டது.

கண்ணாயியிடம் விஷயத்தைச் சொல்லும் வேலை வெங்கடாசலத்துக்கு. “கேட்டு ஸ்டாப்புக்கு வந்துருங்கம்மா. கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் நிப்போம்,” என்று சொன்னாராம். ஏன் எதற்கு என்று கண்ணாயி கேட்கவில்லை. “சரிங்க” என்று மட்டும் சொன்னாராம். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் சென்றாயனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அருண்குமார் வந்து நின்றான். “அண்ணா, எழுதுனத அழிச்சுட்டேனுங்க. ஆனா மத்தவங்க காப்பி எடுத்து வெச்சிருக்காங்க. நல்லது நடக்கும்னு நெனச்சுத்தானுங்க…”

“நீ கேட்ட, நான் சொன்னேன். என் வாய்தான் தம்பி. போய்ப் படு.” கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிச் சீட்டில் போய்ப் படுத்தான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பனி ரோட்டின்மேல் இறங்கிக் கிடந்தது. வண்டியில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், சேலத்துக்குக் கொய்யாக் கூடை கொண்டுபோகிறவர்கள் மூன்று பேர், பிறகு இந்த வளைவைப் பார்ப்பதற்கென்றே வந்த ரூட்டு ஆட்கள் இரண்டு பேர். பலாமரத்து வளைவில் யாரும் இல்லை. சென்றாயனுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வளைவைத் தாண்டி, கேட்டுக்கு இன்னும் கால் கிலோமீட்டர் இருக்கையில், ஹெட்லைட் வெளிச்சத்தில் அவர்கள் தெரிந்தார்கள். ரோட்டோரத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. அதில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அங்கப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்ணாயி நின்றார். எப்போது கிளம்பினார்களோ! ஐம்பது அடி நடப்பது, நாற்காலியைப் போட்டு உட்காருவது, பிறகு கண்ணாயி அதைத் தலையில் தூக்கிக்கொள்ள, இன்னொரு ஐம்பது அடி. அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் பதினாறு சீட் காலி. சென்றாயன் நிறுத்தவில்லை. மெதுவாக, அவர்கள்மேல் சேறு தெறிக்காமல் ஒதுங்கி, கடந்துபோனார். பிறகு கேட்டு ஸ்டாப்பில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தன் வாழ்க்கையில் இத்தனை கேவலமான ஒரு காரியத்தைச் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவரை அறுத்தது.

இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. வெங்கடாசலம் இறங்கிப்போய்க் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அங்கப்பன் படியில் ஏறி, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கி, டிரைவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

“மன்னிச்சுக்கோங்க டிரைவரய்யா. என்னால உங்களுக்கு நொம்ப நேரமாயிருச்சு.”

சென்றாயன் கியரைப் போட்டார். அன்றைக்கு ரூட்டில் யாரோ ‘மாரமங்கலம் வண்டி, கேட்டு ஸ்டாப்பு, இருபத்திரண்டு நிமிடம் தாமதம்’ என்று ஏற்றியிருந்தார்கள். நம்ம டிரைவர் அண்ணனுக்கு என்ன ஆச்சு, டைமிங் போச்சே என்று கீழே ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். ஹேமலதா அதை வாசித்துக் காட்டவில்லை. அவரேதான் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

வெள்ளிக்கிழமை ரோட்டோரம் நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்காலியைக் காணோம். கேட்டு ஸ்டாப்பில் கண்ணாயி மட்டும் தனியாக நின்றார். கையில் ஆஸ்பத்திரிப் பை இல்லை. பஸ் நின்றதும் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“அவர் எங்கீங்க?”

“ஊட்டுல படுத்திருக்காருங்க. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. இன்னைக்கு முடியாதுன்னுட்டாரு.”

“நீங்க ஏனுங்க இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?”

“நீங்க பாட்டுக்கு எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பீங்க, உங்களுக்குக் கெட்ட பேரு வந்துரும், போயி நேர்ல சொல்லிட்டு வான்னாருங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க போங்க சாமி.”

இதற்காக அந்த அம்மாள் இருட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறி வந்திருந்தார். சொல்லிவிட்டுக் கும்பிட்டுத் திரும்பியும் விட்டார்.

சென்றாயன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே எஸ்டேட் கேட்டு. காப்பி மூட்டை லாரிகள் திரும்புவதற்காக அங்கே நல்ல அகலமாகக் கல் பாவியிருந்தார்கள். அவர் அந்த அகலத்தைக் கண்ணால் அளந்தார்.

“கண்ணாயியம்மா, நில்லுங்க. வண்டில ஏறுங்க.”

“எதுக்குங்க, நாந்தான் இன்னைக்குப் போகலையே?”

“ஏறுங்கம்மா. ஊட்டுக்குப் போயி அவரக் கூட்டிக்கிட்டு வரலாம்.”

முன் சீட்டில் நாமக்கல்லிலிருந்து வந்திருந்த ரூட்டு ஆள் ஒருவர், கையிலிருந்த போனைச் சட்டென்று மடியில் கவிழ்த்தார். சென்றாயன் அவரைப் பார்த்தார்.

“போன எறக்காதீங்க. எத்தன மணிக்குத் திருப்புனேன், எங்க நிறுத்துனேன், எல்லாத்தையும் சரியா எழுதிக்கோங்க. டிரைவர் பேரு சென்றாயன்னும் போட்டுருங்க.”

பறிப்புக்குப் போகும் பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து கண்ணாயிக்கு இடம் விட்டார்கள். வெங்கடாசலம் டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று, ரிவர்ஸுக்கு விசில் ஊத ஆரம்பித்தார்.