சிங்கப்பூர்–மதராஸ்: 1,800 மைலும் ஒரு ‘பின்னாடி’யும்

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு, அறுபதுகளின் தொடக்கத்தில் நான் போன முதல் விமானப் பயணத்தையே பதிலாக எழுதுகிறேன். மதராஸில் என் அக்கா சரஸ்வதிக்கு இதய ஆபரேஷன், மதியம் இரண்டு மணிக்கு. “அதுக்கு முன்னாடி தம்பியைப் பாத்துடணும்” என்று சொல்லியிருந்தாள். கப்பல் ஒரு வாரம் எடுக்கும் என்பதால் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு ஏஜென்டிடம் விமான டிக்கெட் வாங்கினேன்.

டிக்கெட்டில் ஆபரேஷன் அன்று காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, பதினொன்றுக்கு மதராஸ் என்றிருந்தது.

“1,800 மைல் ரெண்டே மணி நேரத்துலயா?” என்று ஏஜென்டிடம் கேட்டேன்.

“நாலு மணி நேரம் லா. அங்க ரெண்டு மணி நேரம் பின்னாடி.”

அப்போதுதான் குழம்பினேன். “பின்னாடி வர்றேன்” என்றால் பிறகு வருகிறேன் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் இங்கே ஒன்பது என்றால் அங்கே பதினொன்று. விமானம் கிளம்பிய நொடியே போய்ச் சேர்ந்துவிடுமா? ஏஜென்ட் சொன்ன நாலு மணி நேரத்தை மறந்துவிட்டு, டிக்கெட்டில் இருப்பது சிங்கப்பூர் நேரமாக இருக்கும், இறங்கும்போது அங்கே மணி ஒன்றுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சிங்கப்பூரின் பாய லேபார் விமான நிலையத்திலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. மீனம்பாக்கத்தில் சுங்கச் சோதனை முடிந்தபோது என் கைக்கடிகாரத்தில் மூன்று. இரண்டைக் கூட்டினால் ஐந்து. சுவர்க் கடிகாரம் ஒன்று என்றது. ஓடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எல்லாம் முடிந்திருக்கும். வெளியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்கா இருக்கிறாளா என்று யாரைக் கேட்பது?

கால் மணி நேரம் கழித்து ஒரு டாக்சிக்காரர் வந்தார். “எங்க சார் போகணும்?”

“ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு மணிக்கு ஆபரேஷன். இனிமே போயி என்ன?”

“மணி ஒண்ணேகால்தான் சார். உச்சி வெயில்ல உக்காந்துக்கினு முடிஞ்சுபோச்சுன்றீங்களே.”

நிமிர்ந்து பார்த்தேன். வெயில் தலைக்கு நேராக அடித்தது. பெட்டியை டாக்சிக்குள் தள்ளி, “வேகமாப் போங்க” என்றேன்.

பத்து மைல். ஒன்று ஐம்பதுக்கு வார்டுக்குள் ஓடினேன். அக்காவைத் தள்ளுவண்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை மணிக்குடா கிளம்புன?”

“பத்தரைக்கு.”

“இப்ப ரெண்டுகூட ஆகல. மூணு மணி நேரத்துல வந்துட்டியா?”

“நாலு மணி நேரம் பறந்தேன்க்கா.”

“அதெப்படி?” என்றாள். இன்னும் சிங்கப்பூர் நேரம் காட்டிய என் கைக்கடிகாரத்தை நீட்டினேன். அவள் சிரிக்கும்போதே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மாலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு பல வருடங்கள் இருந்தாள்.

இப்போதும் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். நேர வித்தியாசம் மட்டும் இரண்டரை மணியாகிவிட்டது. விமானத்தில் உட்கார்ந்ததுமே கடிகார முள்ளைப் பின்னோக்கித் திருப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மட்டும், மணி என்னவாக இருந்தாலும், இறங்கியதும் முதல் டாக்சியில் ஏறிவிடுங்கள்.