ஒரு பிடி பச்சரிசி

கண்டியைச் சேர்ந்த நான், பணி ஓய்வுக்குப் பின் கொடைக்கானலில் வசிக்கிறேன். மனைவியின் முதல் திவசத்துக்காகச் சென்ற ஆண்டு பழனிக்குச் சென்றிருந்தேன். அடிவாரத்தில் மஞ்சள் சேலை உடுத்திய மூதாட்டி ஒருவர் முந்தானையை ஏந்தினார். வேண்டுதலுக்காக மடிப்பிச்சை எடுக்கிறார் என்று எண்ணி, திவசத்துக்கு வாங்கிய பச்சரிசியில் ஒரு பிடி இட்டு நகர்ந்தேன்.

பூக்கடைக்காரப் பெண் கூப்பிட்டார்.

"ஐயா, அது வேண்டுதல் இல்லைங்க. நேத்துலருந்து நான் குடுத்த டீயோட கெடக்கு. பச்சரிசிய வச்சு அது எங்க போயி பொங்கும்? வெரசா ஏதாச்சும் வாங்கிக் குடுங்க!"

இட்லியுடன் திரும்பியபோது, மென்ற அரிசி வாயோரம் ஒட்டியிருக்க, அவர் மயங்கிக் கிடந்தார். மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் இறந்துவிட்டார்.

இப்போது யார் கையேந்தினாலும், "சாப்பிட்டீங்களா?" என்று முதலில் கேட்கிறேன். பதில் வரும்வரை அங்கேயே நிற்கிறேன்.