நைனா வாங்கிய நேர் ஹேண்டில்பார்

எல்லாச் சைக்கிளுக்கும் சக்கரம் இரண்டுதான். ஹேண்டில்பார் மட்டும் ஏன் இத்தனை விதம் என்பது ஏழு வயதில் எனக்குப் பெரிய சந்தேகம். செஞ்சிக் கடைத்தெருவின் சைக்கிள் கடையில் அவை வரிசையாகத் தொங்கும். சில கடாக் கொம்புபோலப் பின்னால் வளைந்திருக்கும். சில வளையவே மாட்டேன் என்று விறைத்துக்கொண்டிருக்கும்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தையல்காரர். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய என் வலது காலுக்கு வைத்தியம் பார்க்கச் செவ்வாய்தோறும் திண்டிவனத்துக்குச் சைக்கிளில் அழைத்துப்போவார். பஸ் ஏறினால் ஊர் எல்லைக்குள்ளேயே வாந்தி எடுத்துவிடுவேன். பின்னால் உட்கார்ந்தால் கால் சக்கரத்துக்குள் போய்விடும். அதனால் முன்கம்பியில் பொருத்திய குட்டி சீட்டில், அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவே மகாராணியாகப் போவேன்.

பழைய ஹேண்டில்பார் விரிசல் விட்டதும் கடைக்குப் போனோம். கடைக்காரர் வளைந்ததை மாட்டினார்.

"தூரம் போறவங்களுக்கு இதான்ணே. நிமிந்து உக்காரலாம், கையில பாரம் உழாது."

நைனா என்னை முன்னால் வைத்துத் தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்ததில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திருப்பும்போது பிடி பின்னால் வந்து என் காலில் இடித்தது. அடுத்த திருப்பத்தில் மறுபடியும் இடித்தது. "ஆ" என்றேன்.

கடைக்கு வந்ததும் நைனா இறங்கினார்.

"நேரா இருக்குதே, அத்த மாட்டு."

"இன்னாண்ணே, அதுல குனிஞ்சே போவணும். திண்டிவனம் போறதுக்குள்ள கை மரத்துப் பூடும்."

"பரவால்ல. பாப்பாவுக்கு அதான் புடிச்சிருக்குது."

நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் சைக்கிளுக்கு ஹேண்டில்பார் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று பள்ளியில் போய் அளந்துவிட்டேன்.

சில வாரங்களில் நைனா கையை உதறிக்கொள்ள ஆரம்பித்தார். அம்மா அதை வாயு என்று முடிவுகட்டி, வாழைக்காயும் உருளைக்கிழங்கும் வீட்டுக்குள் வரவே கூடாது என்றுவிட்டாள். வாழைக்காய் வறுவல் போன ஆத்திரத்தில் இரண்டு நாள் நைனாவோடு நான் பேசவில்லை. அவர் பூண்டு ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

புதன்கிழமைக் காலைகளில் மெஷின் முன்னால் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவார்.

"பாப்பா, இந்த ஊசில நூலக் கோத்துக் குடு. உனக்கு நல்ல கண்ணு."

ஒரே தடவையில் கோத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அப்போது நைனாவுக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று பாவப்பட்டேன். விரல்களைப் பார்க்க வேண்டும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.