மொம்பாசாவில் கண் காட்டப் போன நாள்

போன மாதம் பேத்தியை லண்டன் வெம்பிளியில் கண் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்து அட்டையின் மூன்றாவது வரியிலேயே "தெரியேல்ல" என்று சொல்லிவிட்டாள், ஒரு வெட்கமும் இல்லாமல். இந்த இரண்டாயிரத்து நாலிலும் எனக்கு வராத சொல் அது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் இன்றைக்கு எனக்கு இரண்டு கடை. படித்த மருமகன்மார் என்னிடம்தான் யோசனை கேட்டு வருவார்கள். காதால் ஒருமுறை கேட்டதை மறக்க மாட்டேன். அதை வைத்தே முன்னுக்கு வந்தேன். அதுவே ஒருமுறை என்னைக் கெடுத்தது.

அப்பா மொம்பாசாத் துறைமுகத்தில் மெக்கானிக். எனக்கு ஒன்பது வயது. அம்மா பிரசவத்துக்காகத் தன் ஊரான மன்னாருக்குக் கப்பலேற இருந்தார். கரும்பலகையைப் பார்த்துப் பிழை பிழையாக எழுதுகிறான் என்று டீச்சர் சொல்லியனுப்ப, போவதற்குமுன் என் கண்ணைக் காட்டிவிட வேண்டுமென்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அவ்வளவு பெரிய பட்டினத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் மாதத்தில் ஒருநாள்தான் வருவார். தூர ஊர்களிலிருந்து லொறியில் வந்தவர்கள், கண்ணில் துணி கட்டிய கிழவர்கள் எல்லோருக்கும் பின்னால் நாங்கள் நின்றோம்.

உள்ளே சுவரில் எழுத்து அட்டை. எனக்கு அது வெறும் வெள்ளைத் துண்டு. முன்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராய் உரக்க வாசித்தார்கள். பிள்ளையை நிற்கவைத்து வாசிக்கச் சொன்னால் எங்கள் வீட்டில் அது பரீட்சைதான். அம்மாவும் பரீட்சை நாளில் போடுவதுபோல என் நெற்றியில் சிலுவை போட்டார்.

"பயப்பிடாமல் சொல்லு ராசா. ஒரு பிழையும் விடக் கூடாது."

பிழை விடுவேனா? என் முறை வருவதற்குள் கடைசி வரிவரை பாடமாகிவிட்டது. ஒரே மூச்சில் ஒப்பித்தேன். நர்ஸ் சிரித்துக்கொண்டு கண்ணாடி தேவையில்லை என்றாள். எனக்கு அடுத்து நின்ற பையனுக்குக் கண்ணாடி எழுதினார்கள். பாவம், பெயில் என்று இரங்கினேன். மகன் பாஸ் என்று அம்மா வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மூன்று கிழமை கழித்துக் கப்பல். வடம் கட்டும் இரும்புக் குற்றியில் அப்பா என்னை ஏற்றி நிறுத்தினார். மேல்தட்டில் ஏதேதோ நிறங்கள் அசைந்தன.

"கொம்மா கை காட்டுறா. தெரியுதோ?"

"ஓம் அப்பா, வடிவாத் தெரியுது."

அங்கேயும் பாஸ்.

அம்மா திரும்பி வரவில்லை. பிரசவத்தோடு போய்விட்டார். எனக்கு முதல் கண்ணாடி கிடைத்தது லண்டனில், இருபத்திரண்டு வயதில். போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், ரோட்டின் மறுபக்கத்தில் போகிற பெண்களின் முகங்களையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அட்டையின் எழுத்துகளை இப்போது கேட்டாலும் ஒரு பிழையில்லாமல் ஒப்பிப்பேன். கப்பலில் அசைந்த நிறங்களில் எது அம்மாவின் சேலை என்று மட்டும் கேட்காதீர்கள்.